28 அடி வீடு

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான வட்டார அளவிலான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



மதிய உணவுக்கு முந்தைய வகுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் மாணவர்களை உட்கார வைப்பதே கஷ்டம், ஆசிரியர்களைக் கேட்கவே வேண்டாம். அதனால் கதையாகவே சொல்லிவிடுகிறேன். கதை என்று சொன்னாலும் எல்லாம் நடந்தவைதான்.

துருவப் பகுதிகளைப் பற்றி நாம் பாடம் நடத்தினால் முடிவில் ஒரு கேள்வி வந்துவிடும். தென் துருவத்தை முதலில் அடைந்தவர் யார்? அமுண்ட்சன், 1911 டிசம்பர் 14. ஸ்காட் அங்கே போய்ச் சேர்ந்தது 1912 ஜனவரி 17. திரும்பும் வழியில் அவரும் உடன் சென்ற நால்வரும் இறந்துபோனார்கள். ஒரு மதிப்பெண் வினா, நல்ல வினாதான். ஆனால் நாற்பது நிமிடப் பாடத்தில் பிள்ளைகளுக்குக் கிடைப்பது இரண்டு பெயர்களும் ஒரு கொடியும் மட்டுமே. அங்கே யாராவது தங்கினார்களா, தங்கியவர்கள் என்ன சாப்பிட்டார்கள், தண்ணீருக்கு என்ன செய்தார்கள், பொழுதை எப்படிக் கழித்தார்கள் என்று நாம் சொல்வதில்லை. பிள்ளைகள் கேட்பது அதைத்தான்.

இன்று இரண்டு தம்பதிகளைப் பற்றிச் சொல்லப் போகிறேன். இரு குடும்பமும் பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு உறைபனிக் கடலில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள். வினாடி வினாவில் அவர்கள் பெயர் வந்து நான் பார்த்ததில்லை.

முதலில் வரைபடம். தென் அட்லாண்டிக்கில், ஃபாக்லாந்து தீவுகளுக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தள்ளி, வளைந்த கத்தி போல ஒரு தீவு இருக்கிறது. பெயர் தெற்கு ஜார்ஜியா. ஜார்ஜியா என்றதும் அமெரிக்க மாநிலத்தையோ ரஷ்யாவுக்குப் பக்கத்திலுள்ள நாட்டையோ தேட வேண்டாம். 1775இல் ஜேம்ஸ் குக் அங்கே இறங்கித் தம் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை வைத்தார். தென்கோடியில் காத்திருக்கும் பெரிய கண்டத்தின் கரை இதுதான் என்று நினைத்துக் கரையோரமாகவே போனவர், ஒரு முனையில் திரும்பியதும் இது வெறும் தீவு என்று கண்டார். அந்த முனைக்கு 'ஏமாற்ற முனை' என்றே பெயர் வைத்துவிட்டுப் போனார். தீவின் நீளம் சுமார் 165 கிலோமீட்டர். பாதிக்கு மேல் நிரந்தரப் பனி. நடுவில் 2,900 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலை.

இங்கே ஒரு நல்ல புவியியல் கேள்வி இருக்கிறது. இந்தத் தீவு 54 டிகிரி தெற்கு அட்சத்தில் இருக்கிறது. அதே 54 டிகிரியை வடக்கே பிடித்துப் பாருங்கள், வட அயர்லாந்து வரும். பெல்ஃபாஸ்ட் நகரில் புல் பச்சையாக இருக்கிறது, மாடு மேய்கிறது. இங்கே ஏன் பனியாறு கடலில் வந்து விழுகிறது? ஃபாக்லாந்து தீவுகள் இதைவிட இரண்டு மூன்று டிகிரிதான் வடக்கே. அங்கே ஆட்டுப் பண்ணை நடத்துகிறார்கள். அட்சரேகையை மட்டும் வைத்துத் தட்பவெப்பத்தை விளக்கும் நம் வழக்கத்துக்கு இந்த இரண்டு தீவுகளும் நல்ல சோதனை. விடை கடலில் இருக்கிறது. அந்தார்ட்டிக்காவைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக ஒரு குளிர்நீரோட்டம், எந்த நிலமும் குறுக்கே நிற்காமல், வட்டமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. தெற்கத்திய குளிர்நீரும் வடக்கத்திய நீரும் சந்திக்கும் எல்லைக் கோடு ஒன்று உண்டு. ஃபாக்லாந்து அந்தக் கோட்டுக்கு வெளியே, தெற்கு ஜார்ஜியா உள்ளே. தடுக்க நிலம் இல்லாததால் காற்றும் அப்படித்தான், சுற்றிச் சுற்றி வீசுகிறது. அங்கே அலை உயரமாக எழுவதற்குக் காரணமும் இதுவே.

இந்தத் தீவுக்கு 1992இல் ஒரு மரப்படகு வந்து சேர்ந்தது. படகின் பெயர் கர்லூ. கர்லூ என்பது நீண்ட வளைந்த அலகுள்ள கரைப்பறவை, குளிர்காலத்தில் நம் கோடியக்கரைக்கும் வருகிறது. படகில் இருந்தவர்கள் டிம் கார், பாலின் கார் என்ற ஆங்கிலேயத் தம்பதி. குடும்பப் பெயர் கார், ஆனால் அவர்களிடம் எஞ்சின் என்பதே கிடையாது.  பாய்தான், காற்றுதான்.

படகு கட்டப்பட்டது 1898இல், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள ஃபால்மவுத் துறைமுகத்தில். பெரிய பாய்க்கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டு, சரக்கை எந்தத் துறைமுகத்துக்குக் கொண்டு போக வேண்டும் என்ற உத்தரவுக்குக் காத்திருக்கும். அந்தக் கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சாமானையும் ஏற்றிப் போன சிறு படகுகளில் ஒன்று இது. மழையோ புயலோ, உள்ளூர்க்காரர்கள் போட்டிபோட்டு ஓட்டிய உழைப்பாளிப் படகு. கார் தம்பதி 1960களின் இறுதியில் மால்டாவில் இதை வாங்கிச் சீர்செய்து, பிறகு ஏறக்குறைய கால் நூற்றாண்டு உலகக் கடல்களில் இதிலேயே வாழ்ந்தார்கள். தெற்கு ஜார்ஜியாவுக்கு வந்தபோது படகுக்கு வயது 94.

நீளம் 28 அடி.

இந்த எண்ணைச் சொன்னால் ஆசிரியர்களாகிய நமக்கு ஒன்றும் தோன்றாது. நான் பணியாற்றுவது கடற்கரை ஊர் நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பில் இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "எங்கப்பா போட்டும் அந்த நீளந்தான் டீச்சர். ஆனா அதுல நாங்க தூங்குறதில்ல" என்றான். அவன் சொன்னது சரி. நம் கரையில் நிற்கும் ஃபைபர் படகுகள் பல ஏறக்குறைய அதே நீளம்தான். அன்றைக்கு மைதானத்தில் நைலான் கயிறு பிடித்து, 28 அடி நீளத்தில் அணியம் கூர்மையாக ஒரு படகு வடிவம் போட்டோம். இரண்டு பேர் உள்ளே உட்கார வேண்டும், மற்றவர்கள் தேவையான பொருளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். அதுதான் விளையாட்டு.

அரிசி மூட்டை வந்தது. அடுப்பு வந்தது. தண்ணீர்க் குடம் நாலு. கம்பளி. மருந்துப் பெட்டி. உதிரிப் பாய், கயிறு, இரண்டு நங்கூரம். டிவி வந்தது, கரண்ட் எங்கே என்று கேட்டதும் டிவி கரைக்குப் போனது. அரை மணி நேரத்தில் உள்ளே கால் நீட்ட இடமில்லை. அப்போது ஒரு பெண் கேட்டாள், "சண்ட வந்தா எங்க டீச்சர் போவாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. படகுக்குள் உட்கார்ந்திருந்தவளே சொல்லிவிட்டாள்: "ஆளுக்கொரு பக்கம் திரும்பி உக்காருவாங்க."

எஞ்சின் இல்லாமல் எப்படி என்ற கேள்வி பிள்ளைகளை விடவில்லை. அவர்கள் பிறந்ததிலிருந்து டீசல் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள். வீட்டில் தாத்தாவிடம் கேட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். மறுநாள் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுப் பெயர்களோடு வந்தார்கள். எந்த மாதம் எது எழும், எதில் பாய் எடுக்கலாம், எதில் கரையேற வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். நாம் நடத்தும் 'கோள் காற்றுகள், பருவக்காற்றுகள்' பாடத்துக்கு இதைவிட நல்ல முன்னுரை வேண்டியதில்லை. ஒரு தாத்தா பேரனிடம் ஒரு கேள்வியும் கொடுத்தனுப்பியிருந்தார்: "நங்கூரம் எத்தன போடுவாக?" பாய் ஓட்டியவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

உண்மையில் அங்கே பெரிய பிரச்சினை ஓடுவதல்ல, நிற்பது. தெற்கு ஜார்ஜியாவில் மலை கடலிலிருந்து நேராக எழுகிறது. மலைமேல் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கி, அமைதியாக இருக்கும் குடாவுக்குள் திடீரென்று அறையும். மாலுமிகள் அதை வில்லிவா என்கிறார்கள். எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. அதனால் நங்கூரம் மட்டும் போதாது. கரைப்பாறைகளுக்கு மூன்று நான்கு திசையில் கயிறு இழுத்துக் கட்டி, சிலந்தி வலை நடுவே நிற்பதைப்போல் படகை நிறுத்துவார்கள். இரவில் கயிறு உரசும் சத்தம் மாறினால் எழுந்து வெளியே போக வேண்டும்.

கடலில் போகும்போது வேறு தொல்லை. கடுங்குளிரில் தெறிக்கும் அலைநீர் கயிற்றிலும் பாய்மரத்திலும் உறைந்து தடித்துவிடும். மேல்பாரம் கூடினால் சிறுபடகு கவிழும், ஆகவே தட்டித் தட்டி உடைக்க வேண்டும். பெரிய பனிப்பாறை கண்ணுக்குத் தெரியும், அதனால் ஆபத்து குறைவு. அதிலிருந்து உடைந்து, நீர்மட்டத்தோடு மூழ்கி மிதக்கும் கட்டி அலைக்குள் மறைந்திருக்கும், மரப்படகை அதுதான் பிளக்கும். எனவே இருவரில் ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும். படகுக்குள் அடுப்பு எரிந்தால் வெதுவெதுப்பு வரும், கூடவே ஈரமும் வரும். நம் மூச்சும் சோற்றுப் பானையின் ஆவியும் குளிர்ந்த பலகையில் பட்டு நீராகிச் சொட்டும், படுக்கைக்கு அடியில் உறையும். சுருங்குதல் பற்றி அறிவியல் பாடத்தில் குளிர்ந்த டம்ளரைக் காட்டுகிறோம். அவர்கள் அந்த டம்ளருக்குள்ளேயே குடியிருந்தார்கள்.

சரி, அங்கே போய் என்ன செய்தார்கள்? எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

தீவில் கிரிட்விக்கன் என்ற இடம். 'பானைக் குடா' என்று பொருள். பழைய சீல் வேட்டைக்காரர்கள் கொழுப்பு உருக்கிய இரும்புக் கொப்பரைகள் அங்கே கிடந்ததால் வந்த பெயர். 1904 நவம்பரில் கார்ல் ஆன்டன் லார்சன் என்ற நார்வேக்காரர் அங்கே திமிங்கில நிலையம் அமைத்தார். தொடக்கத்தில் கடலுக்குப் போக வேண்டிய தேவையே இல்லை, குடாவுக்குள்ளேயே கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கிடைத்தன. அவை தீர்ந்ததும் வெளியே போனார்கள். நீலத் திமிங்கிலம், துடுப்புத் திமிங்கிலம் என்று ஒன்று தீர ஒன்றாகப் பிடித்தார்கள். எண்ணெய் சோப்பாயிற்று, மார்கரின் ஆயிற்று, எந்திரத்துக்கு மசகாயிற்று. அதிலிருந்து கிடைத்த கிளிசரின் முதல் உலகப் போரில் வெடிமருந்தாயிற்று. 1904 முதல் 1965 வரை தெற்கு ஜார்ஜியாவின் நிலையங்களில் அறுக்கப்பட்ட திமிங்கிலங்கள் 1,75,250.

இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி, 61 ஆண்டுகளால் வகுக்கச் சொன்னேன். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,870. 365ஆல் வகுத்தால் நாளுக்குச் சுமார் 8. கணக்கு ஆசிரியர் என்னிடம், "நல்ல வகுத்தல் கணக்கு, ஆனால் பிள்ளைகள் விடையைச் சொல்லிவிட்டு அமைதியாகிவிடுகிறார்களே" என்றார்.

திமிங்கிலம் தீர்ந்ததும் நிலையம் மூடப்பட்டது. கொதிகலன், எண்ணெய்த் தொட்டி, சங்கிலி, பாதி மூழ்கிய வேட்டைக் கப்பல்கள் எல்லாம் அப்படியே துருப்பிடித்து நின்றன. கார் தம்பதி வந்திறங்கிய ஆண்டுதான், அங்கே பழைய மேலாளர் வீட்டில் நைஜல் பானர் என்ற உயிரியலாளர் சிறு திமிங்கில வேட்டை அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கிவைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எத்தனையோ துறைமுகங்களைக் கடந்து வந்த இந்த இருவரும் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார்கள். படகைத் துறையில் கட்டி, பல ஆண்டுகள் அதிலேயே குடியிருந்து, நடந்துபோய் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். 2006 வரை, ஏறத்தாழ 14 ஆண்டுகள், அந்தத் தீவில் இருந்தார்கள். கோடையில் பயணக் கப்பல்கள் வரும். குளிர்காலத்தில் பக்கத்து முனையிலுள்ள சிறு முகாமில் இருப்பவர்களைத் தவிர யாரும் இல்லை. அப்போது பனிச்சறுக்குக் கட்டையோடு மலையேறுவார்கள், கர்லூவை அவிழ்த்துக்கொண்டு தீவின் குடாக்களுக்குப் போவார்கள். பார்த்ததை எழுதினார்கள், படம் எடுத்தார்கள். அது 1998இல் 'அந்தார்ட்டிக் ஒயாசிஸ்' என்ற நூலாக வந்தது.

அருங்காட்சியகம் அவர்கள் கையில் விரிந்தது. ஈட்டியும் எண்ணெய்ப் பீப்பாயும் மட்டும் இருந்த இடத்தில், தீவின் பறவை, விலங்கு, கடற்பயண வரலாறு எல்லாம் வந்து சேர்ந்தன. ஷாக்கிள்டன் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1916இல் 22 அடிச் சொச்சம் நீளமுள்ள படகில் ஐவரோடு 16 நாள் கடலைக் கடந்து, உதவி தேடி இந்தத் தீவில் ஏறியவர் அவர். எலிஃபண்ட் தீவில் விட்டுவந்த 22 பேரையும் உயிரோடு மீட்டார். அவரைப் பார்க்க வருபவர்கள்தான் அதிகம். ஆனால் அங்கே வேலை செய்தவர்களின் உலகமும் இருந்தது. கால்பந்து மைதானம், பனிச்சறுக்குத் தாவல் மேடை, திரையரங்கு, 1913இல் கட்டிய மரத்தேவாலயம், அதற்குள் நூலகம். குளிரில், ரத்தத்தில், நாற்றத்தில் நின்று கூலிக்கு வேலை செய்து ஊருக்குப் பணம் அனுப்பியவர்கள் அவர்கள்.

இதை ஆசிரியர்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், அந்த அருங்காட்சியகம் எதிர்கொண்டது நம் அன்றாடச் சிக்கல். ஓர் இனத்தையே ஏறக்குறைய அழித்த தொழில் அது. அதைச் செய்தவர்கள் சாதாரணத் தொழிலாளிகள். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்க வேண்டும். வேட்டைக்காரனை வீரனாக்கினால் பொய். அரக்கனாக்கினால் அதுவும் பொய். வரலாற்று வகுப்பில் 'நல்லவர்', 'கெட்டவர்' என்று இரண்டு கட்டம் போட்டு நிரப்பச் சொல்வது எளிது, நானும் சில பயிற்சித்தாள்களில் அதைப் பார்த்திருக்கிறேன். பொருளை எடுத்து, துரு துடைத்து, இது என்ன, யார் பிடித்தார், எதற்கு என்று எழுதிப் பக்கத்தில் வைப்பது நீண்ட வேலை. அவர்கள் அந்த நீண்ட வேலையைச் செய்தார்கள்.

இரண்டாவது தம்பதி இவர்களுக்கு முன்னாலேயே வந்தவர்கள். ஜெரோம் போன்சே பிரான்ஸ்காரர், சாலி போன்சே ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்தவர். ஜெரோம் 1969 முதல் 1973 வரை ஒரு நண்பரோடு 'டாமியன்' என்ற சிறு மரப்படகில் வடக்கே ஸ்பிட்ஸ்பெர்கன் முதல் தெற்கே அந்தார்ட்டிக் தீபகற்பம் வரை போய்வந்தவர். தெற்கு ஜார்ஜியாவை நெருங்கும்போது அந்தப் படகு கவிழ்ந்து எழுந்தது. அந்த அனுபவத்தில் அடுத்த படகை எஃகில் கட்டினார். 'டாமியன் 2', சுமார் 15 மீட்டர்.

இந்தப் படகில் ஓர் உத்தி இருக்கிறது, அறிவியல் ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம். படகின் அடியில் நீண்டிருக்கும் ஏராக்கட்டையை மேலே தூக்கிக்கொள்ளலாம். எதற்கு? பனிக்கட்டியின் அடர்த்தி சுமார் 0.92, கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.03. வகுத்தால் பனிப்பாறையில் பத்தில் ஒன்பது பங்கு நீருக்கடியில் இருக்கும். ஆகவே பெரிய பனிப்பாறை ஆழமற்ற இடத்துக்கு வர முடியாது, தூரத்திலேயே தரைதட்டி நின்றுவிடும். ஏராவைத் தூக்கிய படகு அந்த ஆழமற்ற குடாவுக்குள் புகுந்துவிட்டால் பனிப்பாறையின் கை அங்கே எட்டாது. 'மிதத்தல் விதி'க்கு எலுமிச்சம்பழமும் உப்புத் தண்ணீரும் காட்டுகிறோம், காட்டலாம். இந்தத் தம்பதி அதே விதியை நம்பித் தூங்கினார்கள் என்றும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

1978இல் இருவரும் அந்தார்ட்டிக் வட்டத்துக்கும் தெற்கே, மார்கரீட் விரிகுடாவிலுள்ள ஏவியன் தீவருகே படகை நிறுத்திக் குளிர்காலம் முழுவதும் தங்கினார்கள். கடல் உறைந்து படகைப் பிடித்துக்கொள்ளும். சில வாரங்கள் சூரியன் எழுவதே இல்லை. கடல்நீர் உறைவது சுமார் மைனஸ் 1.8 டிகிரியில். உறையும்போது உப்பை வெளியே தள்ளிவிடும், அதனால் நாள்பட்ட கடற்பனியை உருக்கினால் குடிக்கலாம். தண்ணீர்க் குடம் நாலு வேண்டும் என்று சொன்ன என் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய அதிசயமாக இருந்தது. வாயைப் பிளந்து கேட்டார்கள்.

பனி விட்டதும் 1979இல் தெற்கு ஜார்ஜியாவுக்கு வந்தார்கள். லீத் துறைமுகம் என்ற கைவிடப்பட்ட திமிங்கில நிலையத்தின் துறையில், படகிலேயே, அவர்களுடைய மூத்த மகன் பிறந்தான். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் உயிர்களை அறுத்த துறை அது. பிறகு இன்னும் இரண்டு மகன்கள். 1980களில் மூன்று சிறுவர்களையும் வைத்துக்கொண்டு அந்தார்ட்டிக் தீபகற்பக் கரையோரம் கோடைதோறும் போனார்கள். போய்ச் செய்தது என்ன தெரியுமா? பறவை எண்ணினார்கள். எந்தப் பாறையில் எந்தப் பென்குயின், எத்தனை கூடு, எந்தத் தீவில் எத்தனை நீர்க்காகம் என்று கரை கரையாக இறங்கிக் கணக்கெடுத்தார்கள். பெரிய ஆய்வுக் கப்பல் நுழைய முடியாத இடத்தில் சிறுபடகு நுழையும். பின்னாளில் தெற்கு ஜார்ஜியாவில் அலையும் அல்பட்ராஸ் கூடுகளைக் கணக்கெடுத்ததிலும் சாலியின் பங்கு பெரியது. சிறகை விரித்தால் மூன்று மீட்டருக்கு மேல் இருக்கும் அந்தப் பறவை ஒரே ஒரு முட்டை இடும். குஞ்சு ஏறத்தாழ ஒன்பது மாதம் கூட்டிலேயே இருக்கும். தூண்டில் வரிசைகளில் சிக்கி அது குறைந்து வருகிறது என்று உலகம் தெரிந்துகொண்டது இப்படிப்பட்ட கணக்குகளால்தான்.

இந்தக் குடும்பம் பின்பு ஃபாக்லாந்தில் ஒரு தொலைதூரத் தீவில் குடியமர்ந்தது. ஓர் இடைச்செய்தி. ஃபாக்லாந்தில் தனித்தனிப் பண்ணைகளில் வளரும் குழந்தைகளுக்கு ஊர் ஊராகப் போகும் பயண ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு பண்ணைக்குப் போய்ச் சில நாட்கள் தங்கிப் பாடம் நடத்துவார்கள், அடுத்த பண்ணைக்குக் கிளம்புவார்கள். இடைப்பட்ட நாட்களில் வானொலியிலும் தொலைபேசியிலும் வகுப்பு. ஈராசிரியர் பள்ளி பற்றி நாம் புலம்பும்போது எனக்கு அவர்கள் நினைவு வரும்.

இந்த இரண்டு குடும்பங்களையும் நான் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாலு பேரும் சாகசத்துக்காகத்தான் கிளம்பினார்கள். புயலைப் பார்த்தார்கள், பனியைப் பார்த்தார்கள். அதோடு திரும்பியிருந்தால் ஒரு நல்ல பயணக் கதை மிஞ்சியிருக்கும். தங்கியதால் வேறொன்று மிஞ்சியது. ஒரு குளிர்காலம் தங்கியவருக்கு எந்தக் கூடு காலியானது என்று தெரியும், பத்தாண்டு தங்கியவருக்குப் பனியாறு எவ்வளவு பின்வாங்கியது என்று கண்ணால் தெரியும். நம் துறையில் மாறுதல் கலந்தாய்வு வந்தால், ஒரே பள்ளியில் 14 ஆண்டு இருப்பவரைப் பார்த்து, "இன்னும் அங்கேயேவா இருக்கீங்க?" என்று கேட்கிறோம். பாதி பரிதாபம், பாதி கேலி. அந்தப் பள்ளியில் எந்த வீட்டுப் பெண் ஏழாம் வகுப்போடு நின்றாள், அவள் தங்கை ஏன் நிற்கவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். மாறுதல் கேட்பவர்களைக் குறை சொல்லவில்லை, குடும்பம் ஓரிடம் வேலை ஓரிடம் என்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும். தங்கியிருப்பவரிடம் உள்ள அந்த அறிவை நாம் எங்கும் எழுதி வைப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். கார் தம்பதியும் போன்சே தம்பதியும் எழுதி வைத்தார்கள்.

இன்னொன்று. நம் துருவப் பாடத்தில் பெண் பெயரே வராது. இந்த இரண்டு கதையிலும் பாதிக் கதை பெண்ணுடையது. சுக்கான் பிடித்தது, கணக்கெடுத்தது, நூல் எழுதியது எல்லாவற்றிலும். என் வகுப்புப் பெண்கள் அதைக் கவனித்தார்கள், நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தீவு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். திமிங்கில வேட்டைக்காரர்கள் இறைச்சிக்காகக் கொண்டுவந்த கலைமான்கள் பெருகிப் புல்லை மொட்டையடித்தன, கப்பல்களில் வந்த எலிகள் பறவை முட்டையைத் தின்றன. 2011 முதல் பல கட்டமாக எலி ஒழிப்பு நடந்தது, கலைமான்களும் அகற்றப்பட்டன. 2018இல் எலி இல்லாத தீவு என்று அறிவித்தார்கள். வேறெங்கும் இல்லாத ஒரு சின்னப் பாடும் பறவை, தெற்கு ஜார்ஜியா நெட்டைக்காலி, எலியால் ஒதுங்கியிருந்த கரைகளுக்குத் திரும்பியிருக்கிறது. 2020இல் அந்தக் கடலில் நடந்த ஆய்வில் 55 நீலத் திமிங்கிலங்கள் கண்ணில் பட்டன. 55 என்றதும் என் மாணவர்கள் கைதட்டினார்கள். ஒருத்தி மட்டும் கரும்பலகையில் இன்னும் அழிக்காமல் இருந்த 1,75,250ஐப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கர்லூ இப்போது ஃபால்மவுத்தில் இருக்கிறது. கட்டிய ஊருக்கே, அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகத்துக்கு, அதைக் கொடுத்துவிட்டார்கள்.

மேசைமேல் அந்த நைலான் கயிறு இருக்கிறது. 28 அடிக்கு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். சாப்பிட்டு வந்ததும் வெளியே மரத்தடியில் வடிவம் போட்டுப் பார்ப்போம். முதலில் யார் உள்ளே உட்காருவது என்று இப்போதே முடிவு செய்துவிட்டால் நல்லது.